எந்தத் துறையில் அந்தப் பாடு

தமிழில் எனக்குத் தெரியாத சொல் இல்லை என்கிற நினைப்பு இருபத்தாறு வயதில் எனக்கு இருந்தது. அந்த நினைப்பையும் மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் காவிரிக் கரையிலிருந்து பழவேற்காட்டுக்கு வந்தேன். ஊர் அப்போது உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர் கையில் இருந்தது. கோட்டையை ஒட்டிய தேவாலயத்தில் எனக்கு உபதேசியார் வேலை. பாதிரியார் பேசுவதைச் சனங்களுக்குச் சொல்ல வேண்டும், சனங்கள் பேசுவதைப் பாதிரியாருக்குச் சொல்ல வேண்டும், அவர் போக முடியாத குப்பங்களுக்கு நான் போய்ப் பிரசங்கம் செய்ய வேண்டும். வாய்தான் மூலதனம். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அப்போது எனக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை.

பாதிரியாருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்துகொண்டே இருக்கும். தங்கமான மனிதர், ஆனால் தமிழ் அவரிடம் படாத பாடு பட்டது. நான் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஆண்டவருடைய பாட்டை நினைப்போம்" என்று அவர் தொடங்கினார். முன்வரிசையில் இருந்த கோட்டைச் சமையல்காரர் எந்தப் பாட்டு என்று தெரியாமலே தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தயாராகிவிட்டார். ஆராதனை முடிந்ததும் பாதிரியாரை உட்கார வைத்து நான் பாடம் எடுத்தேன். பாட்டு என்றால் கீதம், பாடு என்றால் துன்பம், உருபு சேர்ந்தால் இரண்டும் ஒரே வேஷம் போட்டுக்கொண்டு வரும், ஜாக்கிரதை என்றேன். அவர் அதைப் பணிவாக எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லுக்குள் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்யவும் அன்று நான் தயாராக இருந்தேன்.

கப்பல் வரும்போதெல்லாம் பாதிரியாருக்கு ஒரு கட்டுக் கடிதம் வரும். பனி பெய்கிற ஊர்களில் இருந்தவர்கள் எழுதியவை. அவரை அனுப்பிய சபை அங்கே இருந்தது. அதில் ஒருவர் செருப்புத் தைக்கிறவர். தினமும் காலையில் ஊசியைத் தொடுவதற்கு முன்னால் பழவேற்காட்டுச் சனங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதுவார். பழவேற்காடு என்ற பெயரை அவர் எழுதியிருந்த அழகைப் பார்த்தால் அது எந்த ஊர் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் முகம் தெரியாத ஒரு மனிதர் அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு எங்களை நினைக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. என் சொந்த அண்ணன் என்னை நினைக்கிறானா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை.

பாதிரியார் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முகமே மாறிவிடும். சபை என்பது ஓர் ஊரில் நிற்கிற கட்டடம் இல்லை, உலகமெங்கும் ஒரே சரீரம், அனுப்புகிறவரும் அனுப்பப்பட்டவரும் அதில் உண்டு, அனுப்பாத சபை கரையில் கிடந்து காய்கிற தோணி என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. அனுப்பப்பட்டவன் என்றால் போய்ச் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் வர வேண்டும். இவ்வளவுதான் என் கணக்கு.

ஆனால் யாரும் வரவில்லை. கடிதம் எழுதுகிற அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆண்டவருடைய முதல் சீடர்கள் மீன் பிடிக்கிறவர்கள் ஆயிற்றே, நீங்கள் இருக்கிற இடமும் மீனவர் ஊர் ஆயிற்றே, எத்தனை பேர் வலையை விட்டுவிட்டு வந்தார்கள்? தேவாலயத்துக்கு வந்தவர்கள் கோட்டையில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள். குப்பங்களிலிருந்து ஒரு குஞ்சுகூட வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் எழுதும்போது பாதிரியார் பேனாவை மசிக்கூட்டில் வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும், கொஞ்சம் ரோஷமாகவும் இருக்கும். பேச்சுக்காரன் நான் ஒருவன் இருந்தும் இப்படியா என்று.

அடுத்த மாசியில் ஒரு பிற்பகல், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு குப்பத்துக்குப் போனேன். ஆண்கள் புன்னை மர நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசல்களை முடிந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் சற்றுத் தள்ளிக் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லி எனக்கு ஓர் ஓலைத் தடுக்கைப் போட்டார்கள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே ஆரம்பித்தேன். சிலுவைப் பாட்டைப் பற்றித்தான். அன்றைக்கு எனக்கு நாக்கில் சரஸ்வதி என்று சொல்லலாம். உபதேசியார் அப்படிச் சொல்லக் கூடாது, இருந்தாலும் உண்மை அதுதான்.

"நம்முடைய பாட்டை அவர் எடுத்துக்கொண்டார். இனி அது அவருடைய பாடு. அவருடைய பாட்டில் உங்களுக்கும் பங்கு உண்டு. வந்து கேட்கிறவர்களுக்கு இல்லை என்று அவர் சொல்ல மாட்டார்" என்று முடித்தேன்.

வலை முடிந்துகொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சனங்கள் உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது தோணிக்காரனுக்கு ஒரு வெற்றிலை கூடுதலாகக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் தேவாலயத்துக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். நேற்றுக் கருவாட்டுப் பக்கத்தில் நின்றவள் என்று அடையாளம் தெரிந்தது. பாதிரியாரும் நானும் வாசலில் இருந்தோம். அவள் படி ஏறாமல் கீழேயே நின்றாள்.

"உபதேசியாரே, நேத்து நீங்கோ சொன்னீங்களே, உங்க சாமி பாட்டுல எங்களுக்கும் பங்கு கீதுனு. எனக்கு அந்தப் பங்கு வேணும்" என்றாள்.

பாதிரியாருக்கு இந்த ஒரு வாக்கியம் நன்றாகப் புரிந்துவிட்டது. ஆண்டவருடைய பாடுகளில் பங்கு வேண்டும் என்று ஓர் ஏழை மீனவப் பெண் தானாக வந்து கேட்கிறாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு மேல் அவள் பேசியதெல்லாம் அவருக்கு எட்டாத வேகத்தில் இருந்தது.

"எங்க ஊட்டுக்காரரு போன ஐப்பசில கடலோட போயிட்டாரு. ரெண்டும் பொண்ணு. ஆம்பளப் புள்ள இல்லாததால அவரு பாடு அவரோட போச்சுன்னுட்டாங்கோ. கூடை சுமந்துதான் கஞ்சி. அதான் கேக்கறேன், உங்க சாமி பாடு எந்தத் துறைல கீது? எத்தினி நாளைக்கு ஒருவாட்டி வரும்?"

"என்ன?" என்றேன்.

"இன்னா இன்னான்றீங்கோ? பாடு, ஐயா. வலை கட்ற பாடு."

அப்புறம் அவளே எனக்குப் புரிய வைத்தாள், பிள்ளைக்குச் சொல்வதைப் போல நிதானமாக. ஏரியில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் மீன் விழாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் கூடை கூடையாக இறால், மேற்கே சேற்றில் கட்டினால் பாதி நாள் வெறுங்கை. அதனால் யார் எந்த நாளில் எந்தத் துறையில் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. கல்யாணமான ஆண் ஒருவனுக்கு ஒரு பாடு. அவன் ஆண் வாரிசு இல்லாமல் போனால் பாடும் போய்விடும்.

முந்தின நாள் புன்னை மரத்தடியில் நான் சொன்னது அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு வாக்கியமாக நினைத்துப் பார்த்தேன். உங்கள் பாட்டை எங்கள் ஆண்டவர் எடுத்துக்கொண்டார். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் இப்படிச் சொன்னால் வலை முடிகிறவன் கை நிற்காமல் என்ன செய்யும்?

"என்ன சொல்லுகிறாள்?" என்று பாதிரியார் என் தோளைத் தொட்டுக் கேட்டார்.

நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது. "விதவை. இரண்டு பெண் குழந்தைகள். ஆண்டவருடைய பாடுகளில் பங்கு வேண்டுமாம்" என்றேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. மொத்தமும் பொய்.

அவளிடம் திரும்பி, "முதலில் பாடம் படிக்க வேண்டும் அம்மா. ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். அப்புறம்தான் பங்கு" என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஊரில் ஒரு பாடு கிடைக்க எத்தனையோ சடங்கு இருக்கும்போது இதற்கும் இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

ஆறு வாரம் அவளுக்குப் பாடம் சொன்னேன். மீன் விற்றுவிட்டு, கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவாள். பத்துக் கட்டளைகளையும் நான்கே நாளில் பிசகில்லாமல் ஒப்பித்தாள். திருப்பாலைவனம் கிராமத்துப் பக்கம் நெல்லுக்கு மீன் மாற்றிக்கொண்டு வருகிற நாட்களில்கூடத் தவறவில்லை. புழுதிக் காலோடு வந்து வாசலில் உட்கார்ந்து பாவம் என்றால் என்ன, மீட்பு என்றால் என்ன என்று சொல்லுவாள். நடுநடுவே, "ஐயா, பங்குனிக் கடைசில சீட்டுப் போட்ருவாங்க. அதுக்குள்ள ஆயிடுமா?" என்று கேட்பாள். "பொறுங்கள் அம்மா" என்பேன். கடவுள் கோணல் எழுத்தாலும் நேராக எழுதுவார், இவள் எதற்காக வந்தால் என்ன, வந்துவிட்டாள் அல்லவா என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். ஊருக்குத்தானே உபதேசம்.

பாதிரியார் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று ஞானஸ்நானம் என்று நாள் குறித்துவிட்டார். கப்பலுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். எனக்குப் படித்துக் காட்டினார். ஆண்டவருடைய பாட்டில் பங்கு கேட்டு வந்த பெண் என்று இரண்டு பக்கம். செருப்புத் தைக்கிறவரை நினைத்து அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால் குப்பத்தில் சீட்டுப் போட்டார்கள். அம்மன் கோயில் முன்னால், ஊரே கூடி. நான் சொன்ன நாள் வராது என்று அவளுக்குத் தோன்றிவிட்டதோ என்னவோ, ஆண்கள் மட்டும் நிற்கிற இடத்தில் போய் நின்று, "எங்க பேருக்கும் ஒரு சீட்டுப் போடுங்க. தேவாலயத்து சாமி பாட்டுல எனக்குப் பங்கு கீது. உபதேசியாரு சொல்லிக்கிறாரு" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று பிற்பகலே குப்பத்து நாட்டார் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். நாட்டார் என்றால் ஊர்ப் பெரியவர், சீட்டுப் போடுவதும் வழக்குத் தீர்ப்பதும் அவர்தான். கூட நாலைந்து ஆண்கள். பின்னால் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

நாட்டார் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "எங்க பாட்டை உங்க சாமி எடுத்துக்கினாருனு அன்னிக்கு வந்து சொன்னீங்கோ. கோட்டைப் பேச்சாச்சேனு நாங்க வாயைத் தொறக்கல. ஆறு வாரமா யாரும் சரியா தூங்கல, தெரியுமா? எப்போ துறையில கோட்டைக் கொடி நடுவாங்களோனு. இப்போ இந்தப் பொம்பளைய வுட்டுப் பங்கு கேக்கறீங்கோ. இன்னா நியாயம் இது?" என்றவர் அவள் பக்கம் கையைக் காட்டினார். "ஊர்ப் பாட்டை வெளில கொண்டாந்தவளுக்கு இனிமே எங்க தோணி எதுலயும் மீன் கெடையாது. சொல்லிட்டேன்."

மீன் கிடையாது என்றால் கூடை இல்லை. கூடை இல்லை என்றால் அந்த இரண்டு பெண் குழந்தைகளுக்கும் கஞ்சி இல்லை. இது என் வாயால் வந்தது. பாடு கிடைக்கும் என்று வந்தவளுக்கு இருந்ததும் போகப் போகிறது.

"என்ன சொல்லுகிறார்?" என்று பாதிரியார் கேட்டார்.

இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். பாடு என்றால் இங்கே என்ன, நான் குப்பத்தில் என்ன சொன்னேன், அவள் எதைக் கேட்டு வந்தாள், நான் எதை விட்டுவிட்டுச் சொன்னேன், எல்லாவற்றையும் அவர் பாஷையில், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் மெதுவாக, "ஆறு வாரமாக நீர் எனக்குச் சொன்னது யாருடைய வார்த்தை?" என்று கேட்டார்.

"என்னுடையது" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கோட்டைத் துரை அவருக்கு வேண்டியவர். ஓர் ஆளை அனுப்பினால் குப்பத்தில் மறு பேச்சு இல்லாமல் அவளுக்கு ஒரு பாடு எழுதிவிடுவார்கள். நாட்டாரும் அதற்குத்தான் பயந்து நின்றார். பாதிரியார் பாதரட்சையைக் கழற்றி வைத்துவிட்டுப் படி இறங்கி வந்தார். நாட்டார் எதிரே மணலில் உட்கார்ந்தார். அவரே தமிழில் பேசினார், நான் வாயைத் திறக்கவில்லை.

"பாடு உங்களுடையது. எங்களுக்குப் பாடு இல்லை. கோட்டைக்கு நான் போக மாட்டேன். தப்பு எங்கள் தப்பு. இந்த அம்மாள் தப்பு இல்லை. அவளைத் தண்டிக்க வேண்டாம் என்று பிச்சை கேட்கிறேன்."

உச்சரிப்பு முழுக்கத் தப்பு. ஆனால் நான் பேசிய எந்தப் பேச்சையும் அந்தக் குப்பத்துக்காரர்கள் அப்படிக் கேட்டதில்லை. நாட்டார் சங்கடத்தோடு தானும் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அது எங்க ஊர்ப் பேச்சு. பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்.

அவள் போகவில்லை. நான் அவளுக்கு எதிரே போய் நின்றேன். "மன்னிச்சுக்குங்க அம்மா. ஆண்டவருக்கு ஏரியில் பாடு ஒன்றும் இல்லை. நான் சொன்ன பாடு வேற. தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். "அப்போ அவரு பாடுன்றது இன்னா?" என்று கேட்டாள்.

ஆறு வாரம் பாடம் சொன்னவன் நான். அதுவரைக்கும் அவளுக்கு அந்தக் கதையை ஒரு கதையாகச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேள்வி பதிலாக ஒப்பிக்க வைத்தேன், அவ்வளவுதான். இப்போது மணலில் உட்கார்ந்து சும்மா சொன்னேன். அவருக்கு வீடு இல்லை. துறை இல்லை. கூட இருந்தவர்களெல்லாம் ஓடிப் போனார்கள். பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். மரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து அவர் துணிக்குச் சீட்டுப் போட்டார்கள்.

"சீட்டா?" என்றாள். "அவருக்குப் போடல, அவரு துணிக்குப் போட்டாங்களா?"

"ஆமாம்."

"பாவம்" என்றாள்.

பாவம் என்ற சொல்லுக்கு ஆறு வாரமாக அவளுக்கு அர்த்தம் சொல்லியிருந்தேன். அவள் சொன்ன பாவம் அது இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட கதை, ஒருநாளும் எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வந்ததில்லை.

"அப்போ அவரும் பாடு இல்லாதவருதானா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போனாள். ஞானஸ்நானத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை.

பாதிரியார் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். நடந்ததை நடந்தபடி. என் பொய்யை எழுதினார், அதற்கு மேலாகத் தன் தப்பை எழுதினார். மூன்று வருஷமாக இந்தச் சனங்களிடம் பேசப் போனேனே தவிர, இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை, நம்மை அனுப்பியவர் வெறுங்கையோடு அனுப்பினார், நான் கோட்டை நிழலில் நின்றுகொண்டு பேசினேன் என்று. எழுதிவிட்டு என்னிடம் காட்டி, இது சரியா என்று கேட்டார். சரி என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அதற்குப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பிய பெரியவர்கள் சுருக்கமாக எழுதியிருந்தார்கள், வருத்தப்படுகிறோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் தெரிவிக்கவும் என்று. செருப்புத் தைக்கிறவர் தனியாக ஒரு தாள் வைத்திருந்தார். தினமும் காலையில் அந்த அம்மாளை நினைக்கிறேன், அவளுக்கு மீன் கிடைத்ததா என்று கேட்டிருந்தார். உலகமெங்கும் ஒரே சரீரம் என்று பாதிரியார் சொல்வாரே, அது எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது அந்தத் தாளைப் படித்தபோதுதான்.

மீன் கிடைத்தது. குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது, எனக்குத் தெரியாத வழக்கம், தெரியாததுதான் எனக்கு அங்கே நிறைய இருந்ததே. சீட்டுப் போடும்போது எல்லா ஆண்களுக்கும் போட்டுவிட்டு அம்மன் பெயருக்கும் ஒரு சீட்டுப் போடுவார்கள். அது அம்மன் பாடு. அந்த நாளில் ஊரே சேர்ந்து வலை கட்டும், விழுகிற மீன் அம்மன் திருவிழாவுக்கு. நாட்டாரும் மற்றவர்களும் நாலு நாள் பேசியிருக்கிறார்கள். கடைசியில், பாடு இல்லாத பொம்பளைக்கு அம்மன் பாட்டில் ஒரு கூடை என்று வைத்துவிட்டார்கள். ஊர்ப் பேச்சை வெளியே கொண்டுபோனதற்கு அவள் அம்மனுக்கு ஒரு விளக்குப் போட வேண்டும், அவ்வளவுதான் தண்டனை.

இதைப் பாதிரியாரிடம் சொன்னேன். பாடு இல்லாதவர்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்லத்தான் அவர் கடல் தாண்டி வந்தார். அவர் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சு அந்தக் குப்பத்தில் ஏதோ ஓர் உருவத்தில் இருந்திருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவருக்கு வெட்கமாகத் தெரியவில்லை. "நமக்கு முன்னால் ஆண்டவர் இங்கே வந்திருக்கிறார்" என்றார். நாட்டாரிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வாரா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நான் அதை மொழிபெயர்க்கப் போகவில்லை.

சித்திரையில் முதல் அம்மன் பாடு வந்தது. நல்ல மீனாம், கரையெல்லாம் பேச்சாக இருந்தது. காலை வெயில் ஏறுகிற நேரத்தில் அவள் தலையில் கூடையோடு வந்தாள். பாதிரியாரும் நானும் வாசலில்தான் இருந்தோம். கூடையை இறக்கி, மேலே போட்டிருந்த ஈர ஓலையை விலக்கி, அதில் இருந்ததிலேயே பெரிய மடவை மீனாகப் பார்த்து எடுத்தாள். ஒரு வாழை இலைத் துண்டை விரித்து அதன்மேல் வைத்துப் படியில் வைத்தாள்.

"உங்க சாமிக்கு" என்றாள்.

எனக்குள் இருந்த உபதேசியார் அப்போதும் சாகவில்லை. "அம்மா, எங்க தேவாலயத்துல படைக்கிற வழக்கம் இல்லை" என்றேன்.

"படைக்கல ஐயா. பங்கு" என்றாள். "பாடு இல்லாதவங்களுக்கு அம்மன் பாட்டுல பங்கு கீதுனு நாட்டாரு சொன்னாரு. உங்க சாமிக்குந்தான் பாடு இல்லியே."

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். விற்க வேண்டியது நிறைய இருந்தது, நிற்கவில்லை.

"என்ன சொன்னாள்?" என்று பாதிரியார் கேட்டார்.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அவர் படி இறங்கிப் போய்க் குனிந்து, அந்த மீனை இலையோடு இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.